பட்டை கட்டாத கை

கோச்சடையில் நான் போகும் ஜிம்முக்குக் காலையில் ஒரு டீச்சரம்மா வருவார். ஐம்பது வயதிருக்கும். சுடிதார், கேன்வாஸ் ஷூ, நெற்றியில் விபூதி. தூக்கும் எடை கூடினால் நாங்கள் எல்லாரும் மணிக்கட்டில் பட்டை கட்டி, பிடி நழுவாமல் கம்பியோடு சுற்றிக்கொள்வோம். அவர் கட்டவே மாட்டார். ஒருநாள் அறுபது கிலோ அவர் கையிலிருந்து நழுவியது. என் பட்டையை நீட்டினேன்.

"வேணாம் தம்பி. எங்க வீட்டுக்காரரு பக்கவாதத்துல படுத்துட்டாரு. கட்டில்ல இருந்து நாந்தான் தூக்கணும். அங்க பட்டையக் கட்டிக்கிட்டா தூக்க முடியும்?"

"எம்புட்டு வெயிட் இருப்பாரு, டீச்சர்?"

"எழுபது."

இரண்டு மாதம் கழித்து எழுபதை வெறுங்கையால் தூக்கினார். நான் கைதட்டியதை அவர் கவனிக்கவில்லை. நாங்கள் தடாலென்று போடும் அந்தக் கம்பியை, சத்தமே வராமல் மெதுவாகத் தரையில் கிடத்தினார்.