தேதி போடாத டம்ளர்கள்

கண்ணாடியில் ஒரு தடவை பெயர் ஏறிவிட்டால் எந்தச் சாமி வந்தாலும் இறக்க முடியாது. என் தொழிலைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டிலேயே கேக் செய்கிறவர்கள், பிளவுஸ் தைக்கிறவர்கள், மெஹந்தி போடுகிறவர்கள் எல்லோரும் என் இனம். வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று, நாம் சோற்றில் கை வைக்கும் நேரமாகப் பார்த்து வந்து நிற்பார்களே, அந்தக் கூட்டத்தை உங்களுக்கும் தெரியும்.

செங்கல்பட்டில் எங்கள் சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடம்தான் என் பட்டறை. எழுத்துகளை வெட்டி எடுத்த ஸ்டிக்கரைக் கண்ணாடி டம்ளரில் ஒட்டி, கையுறை மாட்டி, மேலே அமிலப் பசையைத் தடவிக் கொஞ்ச நேரம் கழித்துக் கழுவ வேண்டும். ஸ்டிக்கர் மூடாத இடம் மட்டும் வெளுத்து எழுத்தாக நிற்கும். பசை நாற்றம் தாங்காமல் என் வீட்டுக்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

சத்தம் இல்லாத வேலை

திருவிடந்தையிலிருந்து மீன் கொண்டுவரும் கன்னியம்மா அக்காதான் எனக்கு முதல் வாடிக்கை. ஒருநாள் வஞ்சிரத்தை நறுக்கிக் கொடுத்துவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் வந்தவர், காய வைத்திருந்த டம்ளர்களைப் பார்த்துவிட்டார். மகன் வினோத்துக்கு ஒன்று வேண்டும் என்றார். கடலிலிருந்து வந்ததும் சொம்பு நிறைய டீ குடிக்கிற பிள்ளையாம். பெரிய டம்ளராகப் பார்த்து, அவன் பெயரும் ஒரு படகும் போடச் சொன்னார்.

பாத்திரக் கடையில் டர்ரென்று மிஷின் ஓட்டிப் பெயர் வெட்டுவதைப் பார்த்துப் பழகிய அக்காவுக்கு என் வேலையில் நம்பிக்கையே வரவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, கழுவி எடுக்கும்வரை கண்ணைக் கொட்டாமல் பார்த்தார். எழுத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னாம்மா இது, சத்தமே இல்லாம பேரு போட்டா எவன் நம்புவான்?"

பெண் பெயர் மட்டும்

திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒரு தாய்மாமன் வந்தார். தன் அக்கா மகன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை, பெண் இரண்டு பேர் பெயரும் போட்ட ஜோடி டம்ளர் என்னிடம் வாங்கிப் போனவர்தான். இப்போது அதே டம்ளர்களைத் திரும்பக் கொண்டுவந்திருந்தார். பெண் வீட்டார் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்களாம். அதே முகூர்த்தத்துக்கு வேறு பெண் பார்த்தாகிவிட்டது, பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதுப்பெயர் போட்டுத் தர வேண்டும் என்றார்.

முடியாது என்று நான் எத்தனை விதமாகச் சொல்லியும் மனிதர் நகரவில்லை. பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை என்று மெதுவாக ஆரம்பித்தார். எனக்கு வந்த கோபமெல்லாம் போய்விட்டது. டம்ளர்களை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "அவன் மனசுலருந்து அந்தப் பேரு போவ மாட்டேங்குது. கண்ணாடிலயாவது போவும்னு பாத்தேன்."

எந்தத் தேதி?

அதற்கப்புறம் கன்னியம்மா அக்கா வருவது நின்றது. வினோத் போன படகு கவிழ்ந்துவிட்டது என்று வேறு மீன்காரம்மா சொல்லித்தான் தெரியும். கூடப்போனவன் நீந்திக் கரை சேர்ந்தான். வினோத் கிடைக்கவில்லை. ஊரே படகெடுத்துத் தேடிவிட்டு ஓய்ந்துபோயிருந்தது.

பிறகு அக்காவின் வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணன் வந்தார். கருமாதிக்கு வரும் சொந்தங்களுக்குச் செத்தவர் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர் கொடுப்பது எங்கள் பக்கம் பல வீடுகளில் வழக்கம். மகனுக்குக் கண்ணாடி டம்ளர்தான் பிடிக்கும், அதிலேயே போட்டுக் கொடுங்கள் என்றார். பெயர், கீழே 'நினைவாக', அதற்கும் கீழே தேதி. என்ன தேதி என்று வழக்கம்போல் கேட்டுவிட்டேன். என் வாயில் மண்ணைப் போட. அண்ணன் என்னையே திருப்பிக் கேட்டார்: "கடலுக்குப் போன தேதியப் போடறதா, தேடறத நிறுத்தன தேதியப் போடறதா? நீயே சொல்லும்மா."

கடைசியில் போன தேதியையே போடச் சொல்லிவிட்டுப் போனார்.

டேப்

ஸ்டிக்கர் எல்லாம் ஒட்டி, பசை டப்பாவைத் திறக்கப் போகும்போது வாசலில் கன்னியம்மா அக்கா. தலையில் கூடை இல்லை. நேராகப் பின்பக்கம் வந்து டம்ளர்களைப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியும். இதெல்லாம் ஏறிவிட்டதா என்று கேட்டார். இன்னும் இல்லை, பசை தடவினால்தான் ஏறும் என்றேன்.

பெயர் இருக்கட்டும், மற்றது வேண்டாம் என்றார். அண்ணனிடம் நான் என்ன பதில் சொல்வது என்று கேட்கத்தான் நினைத்தேன், கேட்கவில்லை. டேப்பை எடுத்தேன். அவர் பல்லால் கடித்துக் கிழித்துக் கொடுக்க, நான் ஒவ்வொரு டம்ளரிலும் 'நினைவாக' மேலும் தேதி மேலும் பசை படாதபடி ஒட்டி மூடினேன். இரண்டு பேரும் அழுதோம். கிளம்பும்போது சொன்னார்: "திரும்பி வந்து இதப் பாத்தான்னா, உசுரோட கீறப்பவே சாவடிச்சிட்டீங்களேன்னு கோச்சிக்குவாம்மா."

அண்ணன் வந்தார்

டம்ளர்களை எடுக்க ஏழுமலை அண்ணன் வந்தபோது திட்டு வாங்கத் தயாராக நின்றேன். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பெயருக்குக் கீழே ஒன்றுமில்லாத இடத்தைக் கட்டை விரலால் தடவினார். அவள் வந்தாளா என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன்.

எல்லாவற்றையும் அவரே பழைய பேப்பரில் சுற்றிப் பையில் வைத்தார். பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று சொன்னார்: "வூட்ல அவன் கிளாஸ்ல தெனம் டீ ஊத்தி வெச்சிகினு கீறா. அதப் பாத்துகினு நான் இன்னா தேதியம்மா போடறது?"

எழுதியதற்கெல்லாம் குறை கேட்டே பழகிய எனக்கு, எழுதாமல் விட்டதற்கு ஒரு குறையும் வராத ஒரே ஆர்டர் அதுதான், அந்த ஆர்டரே வராமல் இருந்திருக்கலாம்.