ஏலக் குளத்தில் தூண்டில்

காங்கேயத்துக் கொப்பரைக் களத்தில் வாரம் ஆறு நாள் தேங்காய் உடைக்கும் சின்னத்தாயிக்கு ஞாயிறு என்றால் தூண்டில்தான். மண்புழுவைக் கோத்துப் போட்டுவிட்டுத் தக்கையைப் பார்த்தபடி குளக்கரையில் உட்கார்ந்துவிடுவாள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, குளத்து மீனை ஏலத்தில் எடுத்திருந்த சுப்பண்ணன் அவளருகே வண்டியை நிறுத்தினார்.

“ஏனுங் அம்மணி, இனிமேல் இங்க தூண்டில் போடக்கூடாதுங்க.”

“அப்படின்னு எங்கீங்க எழுதியிருக்குது?”

“ஏலம் எடுத்தவன் சொன்னாப் போதாதுங்களா?”

“போதாதுங்க” என்றாள். ஆனாலும் நூலைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

அந்த வாரமே அரை நாள் லீவு போட்டு மீன்வளத் துறை அலுவலகத்துக்கு பஸ் ஏறினாள். ஏல நிபந்தனையின் நகல் வேண்டும் என்று தானே மனு எழுதிக் கொடுத்தாள். களத்தில் உடன் வேலை செய்யும் நாச்சியம்மாள், “ரெண்டு மீனுக்கா இத்தனை அலைச்சல்? கடையில வாங்கிப்போட்டுப் போ” என்றாள்.

“மீன் கடையில கெடைக்கும். கரையில உக்கார்றது கெடைக்குமா?”

அக்டோபரில் தபால் வந்தது. சொந்தச் சாப்பாட்டுக்கு ஊர்க்காரர்கள் தூண்டில் போடலாம்; வலை ஆகாது; விற்கக் கூடாது. அந்த வரிகளை மூன்று முறை படித்தாள். ஞாயிறன்று தூண்டிலோடு சுப்பண்ணனிடமே போய்க் காகிதத்தை நீட்டினாள்.

அவர் நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பினார். “பின்னாலயும் இருக்குதுங்களே அம்மணி. குஞ்சு விடுற அக்டோபர், நவம்பர் ரெண்டு மாசமும் தூண்டிலும் போடக்கூடாதாமா.”

வாங்கிப் பார்த்தாள். அப்படித்தான் இருந்தது. அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை; பக்கத்தைத் திருப்பிப் பார்க்காத தன்மேல்தான் வந்தது.

“சரிங்க, டிசம்பர்ல வாரேன். அப்பவும் வேண்டாம்னு சொல்ல மாட்டீங்கல்ல?”

“காகிதத்துல இருக்குறப்ப நான் என்னத்தச் சொல்றதுங்க?”

வாய்ச்சொல்லை நம்பி அவள் விட்டுவிடவில்லை. இரண்டு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து, லேமினேஷன் போட்டு, மதகுக் கம்பியில் கட்டினாள். அடுத்த ஞாயிறு பைக்கில் தூண்டிலோடு வந்த இருவரைத் திருப்பி அனுப்பியதும் அவள்தான்.

“ஏலம் எடுத்தவரே சும்மா இருக்கறாரு, உங்களுக்கென்னங்க்கா?” என்றான் ஒருவன்.

“எனக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்குது சாமி. படிச்சுப் பாரு.”

டிசம்பர் முதல் ஞாயிறு கரையில் ஐந்து பேர் இருந்தார்கள். சுப்பண்ணன் வண்டியில் கடந்து போனார், நிறுத்தவில்லை. வெயில் ஏறுவதற்குள் ஒரு கெளுத்தியும் மூன்று ஜிலேபி மீனும் சின்னத்தாயிக்கு விழுந்தன. குழம்புக்கு அது தாராளம். இன்னொரு புழுவைக் கோத்தாள்.