‘வலிக்கும் வரை’

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில், அச்சகத்தின் பின்னறையில் அவளை முதன்முதலாகச் சந்தித்தேன். தைலமும் பசையும் ஈரக் காகிதமும் கலந்த நாற்றம் குமட்டியது. முதலாளி பேனா மூடியால் காது குடைந்தபின், துடைக்காத அம்மூடியாலேயே தாளில் பிழை காட்டுவார். நான் மெய்ப்புத் திருத்துபவள். அவள் கணினியில் எழுத்துக் கோப்பவள். கழுத்தை முன்னே நீட்டியே உட்கார்ந்திருந்ததால் அவளுக்குக் ‘கொக்கு’ என்று பெயர்.

தாழ்வான திரையை நோக்கிக் குனிந்திருப்பாள். மாலைக்குள் இரும்புப் பட்டை கட்டியதுபோல் தலை இறுகும். தைலம் தடவியும் வலி நீங்காவிடில் வேலையை விடுவதைத் தவிர வழியில்லை. திரையை உயர்த்தித் தரும்படி கேட்டாள்.

“திரையத் தூக்கணுமா? உன் மூஞ்சியத் தூக்கு, போதும்,” என்றார் முதலாளி.

இயன்முறை மருத்துவர் ஒருவர், தலைவலிக்கான பயிற்சிகளைத் துண்டறிக்கையாக அச்சிடத் தந்தார். சுவரில் முதுகை ஒட்டி, மோவாயைத் தாழ்த்தாமல் பின்னே இழுத்து, ‘வலிக்காத வரை’ நிற்க வேண்டும். அவள் ‘வலிக்கும் வரை’ என்று அடித்துவிட்டாள். நான் ‘மோவாயை’ என்பதன்பின் விடுபட்ட ‘த்’தைச் சேர்த்தேன், இதைக் கவனிக்கவில்லை. இலக்கணப்படி அதில் பிழையே இல்லை.

தனக்கென ஒரு தாளை எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு நாள் அப்படியே செய்தாள். கழுத்து திரும்பவில்லை, வாந்தி எடுத்தாள். அச்சாகியிருந்த இரண்டு கட்டுத் துண்டறிக்கைகளை வாங்க வந்த மருத்துவர்தான் பிழையைக் கண்டார்.

“நான் அடிச்சத நானே நம்பலன்னா வேற யாருங்க நம்புவா?” என்று சிரித்தாள். எனக்கு என் மீதே அருவருப்பாக இருந்தது.

முதலாளிக்கு அந்த அருவருப்பு வரவில்லை. “ஒரு எழுத்துக்கா இத்தனை கூத்து? இவருக்கு வேற அடிச்சுக் குடுப்போம். இத வேற எங்கயாவது தள்ளிடலாம்.”

அவள் அவ்விரண்டு கட்டுகளையும் திரைக்கு அடியில் வைத்தாள். திரை கண்மட்டத்திற்கு வந்தது. திருத்திய பயிற்சியை நாளுக்கு மூன்று முறை செய்தாள்.

“என்னம்மா, சுவத்தத் தாங்குறியா?” என்றார் முதலாளி.

“இல்லீங்க, அதுதான் என்னைத் தாங்குது.”

ஏழாம் வாரத்தில் வலி நின்றது. தைலக் குப்பியைக் குப்பையில் எறிந்தாள். முதலாளியோ ஒவ்வோர் ஆண்டும் அக்கட்டுகளை எண்ணெய்ப் பிசுக்கு விரலால் தட்டி, “நல்ல தாளு, வீணாப் போகுது,” என்பார்.

பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், நிமிர்ந்த கழுத்தோடு வேலையிலிருந்து விடைபெற்றபோது அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்:

“அக்கா, கம்ப்யூட்டர யாருக்கு வேணா குடுக்கட்டும். அடியில இருக்குற கட்டுல ஒரு தாளுகூட வெளிய போகாமப் பாத்துக்குங்க.”