ஆளுக்கொரு போல்ட்

படுக்கை வைத்த வேனை வாடகைக்கு விடுகிறவர்களுக்குக் கவலை இரண்டுதான்: வண்டி போய்ச் சேருமா, சேராவிட்டால் நிற்கும் இடத்தில் டீக்கடை இருக்குமா. பழைய வண்டி வைத்திருக்கும் என் சக நோயாளிகளுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்ற கையோடு, இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி எல்லாம் உள்ள பழைய வேன் ஒன்றை வாங்கி ஒரகடத்தில் தொழில் தொடங்கினேன். ஓட்டுகிறவர் தாமஸ். கம்பெனி பஸ்ஸில் ஷிப்ட் ஷிப்டாக ஓட்டி அலுத்து என்னிடம் வந்தவர். வண்டி நின்றுபோனால் அவர் மறுபடி அங்கேதான் போக வேண்டும்.

பாதி மலையில்

தண்டலத்துக் குடும்பம் ஒன்று ஏலகிரிக்கு வண்டி எடுத்தது. பாதி மலையில் எஞ்சின் நீலப் புகை விட்டு மூச்சிரைத்தது. குடும்பம் மொத்தமும் இறங்கி நடக்க, காலி வண்டி கல்யாண ஊர்வலத்துக்குப் பின்னால் வரும் ஜெனரேட்டர் மாதிரி உறுமிக்கொண்டே ஊர்ந்து வந்திருக்கிறது. மேலே போய்ச் சேர்ந்ததும் வீட்டுப் பெரியவர் எனக்குப் போன் செய்தார். குரலில் கோபமே இல்லை, அதுதான் வலித்தது.

"தூங்கிக்கினே போற வண்டின்னு சொன்னீங்க. வண்டி தூங்கும்னு சொல்லவே இல்லியேம்மா."

பொறுப்பு யாருக்கு

சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரில் மெக்கானிக் காசிம் பாயிடம் காட்டினோம். எஞ்சினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தார். இட்லிப் பானையைத் திறந்ததுபோல் குபுகுபுவென்று ஆவி வந்தது. வழி இரண்டு என்றார். எஞ்சினைப் பிரித்து, தேய்ந்ததைக் கடைந்து, புது பிஸ்டன் போடலாம். அல்லது உடைப்புக்கு வந்த வேறு வண்டியின் எஞ்சினை வாங்கிப் பொருத்தலாம். எது நல்லது என்று கேட்டேன். அவர் கையைத் துணியில் வெகுநேரம் துடைத்தார்.

"ரிப்பேர்னா நான் பொறுப்புமா. மாத்து எஞ்சின்னா முன்னால ஓட்டினவன் பொறுப்பு. அவன் எங்க கீறான்னு யாருக்குத் தெரியும்?"

மாடியில் நான்கு நிபுணர்கள்

என் மாடி அறைகளில் நான்கு பேர் குடியிருக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கார் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். ஒரகடமே வண்டி செய்கிற ஊராயிற்றே, கேட்காமல் விடுவானேன் என்று கூப்பிட்டேன். நால்வரும் வேனைச் சுற்றி வந்தார்கள். முத்துராஜ் வலது முன்கதவைத் திறந்து திறந்து மூடினான்; நான்கு வருடமாக வண்டி பூட்டும் லைனில் அவனுக்கு வலது முன்கதவு மட்டும்தான் வேலை. ஒருவன் வைப்பரைத் தடவிப் பார்த்தான். இன்னொருவன் ஹாரனைக் கழற்றினான். நான்காமவன் தரைவிரிப்பின் முன் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

ஒரு மணி நேரத்தில் கதவு பூப்போல் மூடியது, ஹாரனுக்குத் தொண்டை சரியாகிவிட்டது. எஞ்சின் என்னப்பா ஆச்சு என்றேன். முத்துராஜ் தலையைச் சொறிந்தான்.

"எஞ்சின் எங்க லைனுக்கு வரும்போதே வண்டிக்குள்ள உக்காந்துதான் டீச்சர் வருது. அதுகிட்ட நாங்க முகங்குடுத்துப் பேசுனதே இல்ல."

சிவப்பு அட்டை

பக்கத்து வீட்டுக் கலைவாணி வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவள். நான் முடிவெடுக்காமல் நாளைக் கடத்துவது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு காலை, ஸ்டியரிங்கில் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். பழுதான பொருளுக்கு அவர்கள் லைனில் கட்டுவது அது. என்ன செய்வது என்று முடிவாகி, கட்டினவரே எடுக்கும்வரை யாரும் அதில் கை வைக்கக் கூடாது.

அன்றைக்குப் பார்த்து வண்டி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்தது. வேனை நகர்த்தத் தெரிந்தவர்கள் ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேரும் கம்பெனிக்காரர்கள். அட்டையைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். தாமஸும்தான். லாரி திரும்பிப் போனது. தெரு முழுக்கக் காலிக் குடங்கள் என்னைப் பார்த்தன. மாலையில் வந்த கலைவாணி பேனாவை நீட்டினாள்.

"ரிப்பேரா, மாத்தா, ஸ்கிராப்பா, ஒண்ணு டிக் அடிங்க டீச்சர். இல்லன்னா நாளைக்கும் தண்ணி கெடையாது."

டிக்

நான் முகங்களை மறந்துவிடுவேன், ஒலிகளை மறப்பதில்லை. அந்த எஞ்சின் காலையில் மூன்று முறை இருமிவிட்டு நான்காவதில் பேசத் தொடங்கும். வீட்டில் எனக்கு முன்னால் எழுந்து குரல் கொடுக்க இப்போது வேறு யாரும் இல்லை. ஆனால் அதை அட்டையில் எழுத இடமில்லை. ரிப்பேர் என்று டிக் அடித்தேன். காரணம் கேட்டவர்களிடம், பேனா என் கையில் இருந்தபோது தாமஸ் சொன்னதையே சொன்னேன்.

"வேற எஞ்சின் வந்தா அதுக்கு நான் புது ஆள் மேடம். இதுக்குத்தான் என்னத் தெரியும்."

பிரித்த பிறகு

பத்து நாள் கழித்துக் காசிம் பாய் கூப்பிட்டனுப்பினார். எஞ்சின் பிரிந்து கிடந்தது. அதில் வெட்டியிருந்த நம்பரைத் துடைத்துக் காட்டி, ஆர்.சி. புத்தகத்தைக் கொஞ்சம் பாருங்கள் என்றார். முப்பது வருடம் விடைத்தாள்களில் ஒற்றுப்பிழையைக்கூடத் தப்பவிடாத நான், அந்தப் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பியதே இல்லை. அங்கே முத்திரையோடு ஒரு வரி இருந்தது: எஞ்சின் மாற்றப்பட்டது. எனக்கு முன் வைத்திருந்தவர் செய்த வேலை. நாங்கள் பிரிய மனமில்லாமல் காப்பாற்றியது, யாரோ உடைத்த வண்டியின் எஞ்சின்.

தாமஸ் எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"தத்து எடுத்ததுன்னு அதுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மேடம்."

வண்டி இப்போது மூச்சிரைக்காமல் ஓடுகிறது, தாமஸும் ஷிப்டுக்குப் போகவில்லை. இருந்தாலும், எஞ்சினைச் சரிசெய்வதா மாற்றுவதா என்று தவிக்கும் என் போன்றவர்கள், நமக்கு முன்னால் ஒருவர் அதே தவிப்பைத் தவித்து முடித்துத்தான் வண்டியை நம் தலையில் கட்டினாரா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.