கயிற்றுக்கு அந்தப் பக்கம் அக்கா

எண்பதுகளின் நடுவில் நான் பினாங்கில் ஒரு பயண நிறுவனத்தில் வேலை பார்த்தேன். மாதத்துக்கு இரண்டு முறை ஓர் உல்லாசக் கப்பல் லங்காவி பக்கம் வந்து நங்கூரம் போடும். அதில் வரும் வெள்ளைக்காரர்களைச் சிறு படகுகளில் கரைக்கு அழைத்து வந்து, பகல் முழுக்கக் கடற்கரையில் இருக்கவிட்டு, மாலையில் திரும்ப ஏற்றிவிட வேண்டும். அந்த ஒரு நாளுக்கென்று கடற்கரையில் ஒரு துண்டை எங்கள் நிறுவனம் பிடித்து வைத்திருந்தது. இரண்டு பக்கமும் கொம்பு நட்டு நீல நைலான் கயிறு கட்டுவோம். கயிற்றுக்கு உள்ளே கப்பல்காரர்களைத் தவிர யாரும் வரக்கூடாது. அவர்கள் போனதும் கயிற்றை அவிழ்த்துவிடுவோம்.

என் வேலை சாய்வு நாற்காலிகளை வரிசையாகப் போடுவது, துண்டு எடுத்துக் கொடுப்பது, இளநீரில் குழாய் செருகிக் கொண்டுபோய் நீட்டுவது. அதற்கு வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, நெஞ்சில் ஒரு பெயர்ப்பட்டை. அந்த உடுப்பில் என்னைப் பார்த்தால் எனக்கே பிடிக்கும்.

நான் சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா என் நினைவிலேயே இல்லை. அம்மா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினேழு. அடுத்த வாரமே அம்மா பால் வெட்டிய ரப்பர் மரங்களை அக்கா வெட்டப் போனாள். காலையில் பால்வெட்டு, பிற்பகலில் என் பள்ளிச் சட்டையைத் துவைத்துப் பெட்டி போடுவது. பள்ளி இறுதியான ஐந்தாம் படிவம் வரை நான் சட்டை கசங்கிப் பள்ளிக்குப் போனதில்லை. பினாங்கு அலுவலகத்தில் யாராவது கேட்டால், எங்கள் அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தார் என்று சொல்லி வைத்திருந்தேன். மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவர் மகன் என்றால் கேட்பவர்கள் மேற்கொண்டு ஒன்றும் கேட்பதில்லை.

வேலைக்குச் சேர்ந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போனேன். ஜெபக்கூடத்தில் பூசை முடிந்து வந்தவர்கள் எல்லாம் அக்கா வீட்டு முன்னால் கூடியிருந்தார்கள். அக்கா புருஷன், தோட்டத்து லாரி ஓட்டுகிறவர், எல்லாருக்கும் ஆரஞ்சுத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் கப்பலைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். பேசப் பேசக் கப்பல் பெரிதாகிக்கொண்டே போனது, நானும்தான்.

"அந்தக் கடற்கரையே நம்ம பொறுப்புலதான்லா இருக்கு," என்றேன். "நீங்க ஒரு தடவை வாங்கக்கா. குடைக்கு அடியில நாற்காலி போட்டு உக்கார வெச்சு, எளநி குடுக்கச் சொல்றேன்."

"எங்கள எல்லாம் உள்ள விடுவாங்களா தம்பி?" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்டார். உறவில் பெரியம்மா இல்லை. அம்மா வேலைக்குப் போன காலத்தில் என்னைக் குளிப்பாட்டி வளர்த்தவர்.

"நான் இருக்கேன்ல? யாரு என்ன கேப்பா?"

அக்கா அதை நம்பினாள். நான் சொல்லி அவள் நம்பாத ஒன்று அதுவரை கிடையாது.

அடுத்த ஹரிராயா, அதாவது நோன்புப் பெருநாளின் மறுநாள், கப்பல் வந்தது. கயிற்றருகே வழக்கமாக நிற்கும் மலாய்க்கார அண்ணன்கள் பெருநாளுக்காக விடுப்பில் போயிருந்தார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு இன்றைக்கு நீ கயிற்றைப் பார்த்துக்கொள் என்றார். அவர் பினாங்கைச் சேர்ந்த சீனப் பெண்மணி. அதிகம் பேசமாட்டார், ஆனால் அவர் பார்வையில் படாதது எதுவும் இல்லை. நான் வடக்குப் பக்கக் கயிற்றின் அருகே போய் நின்றேன். உள்ளூர்க் குடும்பங்கள் சில வந்தன. கையைக் காட்டினதும் திரும்பிப் போயின. சுலபமான வேலைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோரு மணி இருக்கும். சாலைப் பக்கமிருந்து பத்துப் பேர் மணலில் இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவள் கையில் அடுக்குப் பாத்திரம், தோளில் சுருட்டிய பாய். பச்சைச் சேலை. அந்தச் சேலையை எனக்குத் தெரியும், என் முதல் சம்பளத்தில் நான் எடுத்துக் கொடுத்தது. கப்பல் வரும் தேதியை நான் கடிதத்தில் எழுதியிருந்ததை வைத்து, தோட்டத்துக்கு விடுமுறை என்று வேன் பிடித்து, கோலப் பெர்லிசில் படகு ஏறி, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் வந்திருக்கிறாள்.

"தம்பீ!"

அந்தக் குரல் ரப்பர்க் காட்டில் நாலு வரிசை தாண்டிக் கூப்பிட்டுப் பழகிய குரல். நாற்காலிகளில் படுத்திருந்தவர்கள் இரண்டு மூன்று பேர் தலையைத் தூக்கினார்கள். மேனேஜரும் கையிலிருந்த பயணிகள் பட்டியலிலிருந்து நிமிர்ந்தார்.

அக்கா பின்னால் திரும்பி, "சொன்னேன்ல, இங்கதான் இருப்பான்னு," என்று பெரியம்மாவிடம் சொல்லிக்கொண்டே கயிற்றைத் தூக்கிக் குனிந்தாள்.

நான் கயிற்றைப் பிடித்துக் கீழே அழுத்தினேன்.

"மிந்தா மாஆப், காக்," என்றேன். "ஹாரி இனி சினி துத்தோப்." மன்னிக்கவும், இன்று இந்த இடம் மூடியிருக்கிறது என்று மலாயில் சொன்னேன். காக் என்றாலும் அக்காதான். ஆனால் அதை முன்பின் தெரியாத எந்தப் பெண்ணிடமும் சொல்லலாம்.

அக்கா சிரித்தாள். "என்னலா, வெளையாடுறியா?"

நான் சிரிக்கவில்லை. கடற்கரையின் கோடியில் பாறைகள் கிடந்த பக்கத்தைக் கையால் காட்டி, அங்கே போகலாம் என்று மறுபடியும் மலாயில் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

அக்கா முகத்தில் சிரிப்பு இன்னும் கொஞ்ச நேரம் நின்றது. அவள் என் உடுப்பைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் குடைகளையும், எழுந்து நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்த மேனேஜரையும் பார்த்தாள். பிறகு கயிற்றை விட்டுவிட்டு ஓர் அடி பின்னால் போனாள்.

"தாப்பா, என்சிக்," என்றாள். பரவாயில்லைங்க ஐயா என்று அர்த்தம். கடைக்காரரிடமும் போலீஸ்காரரிடமும் பேசுகிற மலாய் அது. அதற்குப் பிறகு தன் ஆட்களிடம் திரும்பினாள். "இது அவன் இல்ல. அவன மாதிரியே இருக்கு. வாங்க, அந்தப் பக்கம் போவோம்."

அவளுடைய ஆறு வயது மகள் என் முகத்தை அண்ணாந்து பார்த்தது. "மாமாதானேம்மா?"

"வாய மூடிக்கிட்டு வா."

பெரியம்மா கடைசியாக நகர்ந்தார். போகும்போது என்னை மேலும் கீழும் ஒரு முறை பார்த்தார்.

மேனேஜர் வந்து அவர்களுக்கு என்ன வேண்டுமாம் என்று கேட்டார். கழிப்பறை எங்கே என்று விசாரித்தார்கள் என்றேன். தெரிந்தவர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த 'இல்லை' வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

சவுக்கு மர நிழலெல்லாம் கயிற்றுக்குள்ளே இருந்தது. பாறைப் பக்கம் நிழல் இல்லை. இரண்டு கைத்தறித் துணிகளைப் பாறையிடுக்கில் செருகிப் பந்தல் மாதிரி போட்டுக்கொண்டு அவர்கள் உட்கார்ந்தார்கள். குழந்தைகள் தண்ணீரில் இறங்கின. அக்கா முழங்கால் வரை சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றாள். அவள் கடலில் கால் நனைப்பது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். தூரத்தில் கப்பல் நின்றது. அவள் அதைத்தான் பார்த்தாளா, என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். முதுகுதான் அதிகமாகக் கூசியது.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் மேனேஜர் மறுபடி வந்தார். கப்பல்கார அம்மாள் ஒருத்தியைக் காணோம், அதோ அந்தக் குடும்பத்தோடு போய் உட்கார்ந்திருக்கிறாள், போய் மரியாதையாக அழைத்து வா என்றார்.

வேறு யாரையாவது அனுப்பச் சொல்லியிருக்கலாம். காரணம் கேட்பாரே என்று பயந்து நானே போனேன்.

வயதான ஆஸ்திரேலியக்காரி. வைக்கோல் தொப்பியைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு, பாயில் அக்காவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்துப் புளிச்சோற்றைக் கையால் அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். நெத்திலிச் சம்பல் காரத்தில் மூக்கு சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம். நல்ல வேளை வந்தாய், இவர்களோடு எனக்குப் பேச முடியவில்லை, இந்தப் புளிப்பு எதனால் வருகிறது என்று கேட்டுச் சொல் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

வேறு வழியில்லை. "இந்தப் புளிப்பு எதனால வருதுன்னு கேக்குறாங்க," என்றேன். அன்று அக்காவிடம் நான் பேசிய முதல் தமிழ் அது.

அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. "புளிதான் சார். கொஞ்சம் வெல்லம் போட்டுருக்குன்னு சொல்லுங்க."

சார். அக்கா வாயிலிருந்து.

நான் மொழிபெயர்த்தேன். இவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று அந்த அம்மாள் கேட்டாள். அதையும் அக்காவிடம் கேட்டேன். எனக்குத் தெரியாததைக் கேட்பதுபோல.

"சுங்கை லாலாங் பக்கம், தோட்டம்னு சொல்லுங்க சார்."

சொன்னேன். உனக்கு அந்த ஊர் தெரியுமா என்று கிழவி ஆர்வமாகக் கேட்டாள். கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் நான் தலையை ஆட்டிய விதத்தில் அவளுக்குப் புரிந்திருக்கும். அவள் கை இன்னொரு பொட்டலத்தை எடுத்தது.

"சாரும் ஒண்ணு சாப்புடுங்க. காலையிலேருந்து வெயில்ல நிக்கிறீங்க."

"வேணாம். சாப்டாச்சு," என்றேன். அன்று பச்சைத் தண்ணீர்கூட நான் குடித்திருக்கவில்லை. அக்கா பொட்டலத்தைத் திரும்ப வைத்தாள். அவள் மகள் கண் கொட்டாமல் என்னைப் பார்த்துக்கொண்டே சோற்றை மென்றது. பெரியம்மா கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கிழவியை அழைத்துக்கொண்டு கயிற்றுக்குள் வந்தேன்.

கடைசிப் படகைப் பிடிக்க அவர்கள் மூன்று மணிக்கே கிளம்பிவிட்டார்கள். நான் ஈரத் துண்டுகளைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். பாயைச் சுருட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். எல்லாரும் போன பிறகு பாறைப் பக்கம் நடந்துபோய்ப் பார்த்தேன். ஓர் இலைத் துணுக்குகூடக் கிடக்கவில்லை. எங்கள் பக்கத்தில்தான் இளநீர்க் கூடுகள் உருண்டு கிடந்தன.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் வீட்டுக்குப் போகவில்லை. கடிதம் எழுதினேன். 'அன்புள்ள அக்கா' என்பதற்கு மேல் ஓடவில்லை. நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. அம்மா கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்ற நான் ஒரு வருடமும் தவறியதில்லை. போகாமல் இருக்க முடியவில்லை.

அக்கா எப்போதும்போலத்தான் இருந்தாள். "எளைச்சிட்டே," என்றாள். கல்லறையில் புல் செதுக்கினோம், ஜெபம் சொன்னோம், வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். மச்சான் வேலைக்குப் போயிருந்தார்.

"அக்கா, அன்னிக்குக் கடற்கரையில…"

"ரசம் ஊத்தவா?"

"நான் செஞ்சது…"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ வேலையில இருந்த. அந்தச் சீனத்தி உன்னையே பாத்துக்கிட்டு இருந்தா. என்னால உன் வேலைக்கு எதுவும் ஆகிடக் கூடாதுன்னு பாத்தேன். அவ்வளவுதான்."

"அது மட்டும் இல்லக்கா."

"தெரியும்லா." அவள் என் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீ அத வாயால சொல்லாத. நீ சொல்லி நான் கேட்டுட்டா, அப்புறம் என்னால மறக்க முடியாது."

ரசத்தை ஊற்றினாள். நான் சாப்பிட்டேன்.

பஸ் ஏறப் போகும்போது பெரியம்மா குழாயடியில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் குடத்தை இறக்கி வைத்தார். அவருக்கு அக்காவைப் போல மறைத்துப் பேச வராது.

"எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஒன்னக் குளுப்பாட்டுன கையி இது. திரும்பி வர்ற வழியெல்லாம் உங்கக்கா பேசிக்கிட்டே வந்தா, ஆளு மாறிப் போச்சு, தம்பிக்கு இன்னிக்கு லீவு போலன்னு. நாங்களும் ஆமா ஆமான்னுட்டு வந்தோம். வேற என்னத்தச் சொல்றது? லயத்துல இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் அவகிட்ட அதப் பத்திக் கேக்கல."

பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தும் நான் வெளியே பார்க்கவில்லை. யாராவது அறைந்திருந்தால்கூட அத்தனை வலித்திருக்காது. லயத்து வரிசை வீடுகள் அத்தனையும் எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தன. இல்லை, எனக்காக இல்லை, அவளுக்காக.

அந்த வேலையை உடனே விட்டுவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. விடவில்லை. இன்னும் இரண்டு வருடம் நாற்காலி போட்டேன், துண்டு கொடுத்தேன். பட்டர்வொர்த்தில் வேறு வேலை கிடைத்த பிறகுதான் விலகினேன். கடைசி நாள் மேனேஜர் என்னைக் காப்பி குடிக்க அழைத்துப் போனார். என்ன தோன்றியதோ, அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பாறைப் பக்கத்துக் குடும்பம் யார் என்று. என் அப்பா கிராணி இல்லை என்பதையும்.

அவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"சொல்லியிருக்கலாமே," என்றார் மலாயில். "அன்றைக்குப் பாதிப் பேர் கப்பலைவிட்டே இறங்கவில்லை. கடைசி வரிசை முழுக்கக் காலியாகத்தான் கிடந்தது. நானே உட்காரச் சொல்லியிருப்பேன்."

அதை மட்டும் நான் அக்காவிடம் சொல்லவில்லை. என் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்ததாகத்தான் அவள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.