என் காலைப் பார்த்த மெக்கானிக்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாவது வரைதான் படித்தேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என் மகன் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினான். கையில் இருக்கும் பணத்துக்கு இப்போதைக்கு ஒரு வேலைதான் செய்ய முடியும், முதலில் என்ஜின் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்றான். எனக்குப் பயம். ஆனால் நான் நகரியில் தறி ஓட்டுகிறவன், காரைப் பற்றி என்ன சொல்ல? பேசாமல் அவனோடு திருப்பதிக்குப் போனேன்.

அங்கே அவன் கூட்டிப்போன மெக்கானிக் ஒல்லியானவர், நரைத்த மீசை, கிரீஸ் படிந்த லுங்கி. பானெட்டைத் திறக்கவே இல்லை. மகனை ஓட்டச் சொல்லி, என்னை அவன் பக்கத்தில் உட்கார வைத்து, தான் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்தார். மலையடிவாரத்து அலிபிரி வரை போய்த் திரும்பினோம். வழியெல்லாம் ரோட்டைப் பார்க்காமல் என் காலையே எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இறங்கியதும் மகன், "என்ஜின் வேலை எப்போ ஆரம்பிக்கலாம்ணா?" என்றான்.

"மொதல்ல பிரேக், டயர். என்ஜின் அப்புறம் பாத்துக்கலாம் பாபு."

"பிரேக் நல்லாத்தானே இருக்குது?"

"உனக்கு அப்படித் தெரியுது. உங்க நைனா வழியெல்லாம் காலால தரையை அமுக்கிக்கினே வந்தாரு. அவருக்கு பிரேக் போதல."

மகன் சிரித்துவிட்டான். "பயந்துக்கினா வந்தே நைனா? வாயைத் தொறந்து சொல்லக்கூடாதா?"

பிரேக் வேலைக்கே வண்டியை விட்டான். திரும்பும் பஸ்ஸில் நகரி வரைக்கும் நன்றாகத் தூங்கினேன்.

எல்லா வண்டியையும் அவர் இப்படித்தான் பார்ப்பாரா, இல்லை என் முகத்தைப் பார்த்துத்தான் என்னை முன்னால் உட்கார வைத்தாரா, இன்றும் தெரியவில்லை.

எழுதியது, ஆடி மூன்றாம் வெள்ளி.