புதன்கிழமை இரண்டு மணிப் பாட்டு

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஐந்து நாள். பியானோ டீச்சரின் முன்னறையில் கால் வைக்க இடமில்லை. பாட்டுப் புத்தகங்கள் தரையில் குவிந்து கிடந்தன, நாற்காலிகள் கட்டில்மேல் ஏறியிருந்தன. டீச்சர் பியானோவின் கீழ்ப்பலகையைக் கழற்றி, போன வருடம் உள்ளே விழுந்ததையெல்லாம் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒன்பது பென்சில், ஒரு ஹேர்பின், பல் குத்தும் குச்சி ஒன்று. குச்சி யாருடையது என்று கேட்கவே வேண்டாம், பல் டாக்டருடையதுதான். மாணவர்களிலேயே வயதில் மூத்தவர் அவர். தன் கிளினிக்கை மதியம் மூடிவிட்டு ஓடிவந்து கற்றுக்கொள்கிற மனிதர்.

வருடத்தில் டீச்சருக்கு ரொம்பப் பிடித்த வாரம் இது. துடைப்பதும் அடுக்குவதும், புது அட்டவணையில் கட்டம் போட்டுப் பெயர் எழுதுவதும், ஆஹா, அந்தச் சுகமே தனி. இந்த வருடம் மூன்று பேர் புதிதாகச் சேர்கிறார்கள் வேறு.

ஒரே ஒரு முள்தான் உறுத்தியது. வாடகை வாங்கும் வீட்டுக்காரர் போன் செய்திருந்தார். "பக்கத்து வீட்டு நர்சம்மா போன வருஷம் ரெண்டு தடவை புகார் சொல்லிட்டாங்க. இன்னொரு தடவை வந்துச்சுன்னா கிளாஸை நிறுத்தச் சொல்றதைத் தவிர எனக்கு வேற வழியில்லைம்மா." நல்ல மனிதர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். ஆனால் சொன்னதைச் செய்துவிடுவார். இருபத்திரண்டு வருடம் நடத்திய வகுப்பு.

டீச்சரின் கணவர் சோபாவுக்கு உறை தைப்பவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் ஆயிரம் வாட் பல்பு எரிந்தது. "இவ்வளவுதானா? விடு, நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். கடையில் மிஞ்சிய ஸ்பாஞ்சையெல்லாம் அள்ளிவந்து, பொதுச்சுவர் முழுக்க ஒட்டி, மேலே பழுப்பு ரெக்சின் போர்த்தி, பொத்தான்கூட வைத்துத் தைத்துவிட்டார். இரண்டு நாள் வேலை. பெரிய சோபா ஒன்றைத் தூக்கி நிமிர்த்தி வைத்ததுபோல இருந்தது சுவர். டீச்சர் உட்கார்ந்து நாலு கட்டை அழுத்தினார். ஒலி எழுந்தது, அங்கேயே படுத்துவிட்டது.

"என்னங்க, சத்தம் எங்கங்க போச்சு?"

"போகணும்னுதானே ஒட்டினேன்!"

"அதுக்குன்னு எனக்கே கேக்காமலா? பிள்ளைங்க தப்பு பண்ணினா நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

"கேக்கலேன்னா தப்பே இல்லேன்னு வச்சுக்கோயேன்."

டீச்சருக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்து தொலைத்தது. சிரித்து அடங்கியபோதுதான் உறைத்தது: புகார் வந்ததிலிருந்து வீட்டுக்காரரிடம் கெஞ்சியாயிற்று, கணவரிடம் புலம்பியாயிற்று, அந்த நர்சிடம் நேரில் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. அன்று மாலையே புது அட்டவணையைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மணியை அடித்தார்.

இரவு வேலைக்குப் போகிறவள் அந்த நர்ஸ். அப்போதுதான் எழுந்த முகத்தோடு கதவைத் திறந்தாள்.

டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. "உங்க தூக்கத்தைக் கெடுத்திட்டிருக்கேன்மா, மன்னிச்சுக்கோங்க. எந்த நேரம் வேண்டாம்னு சொல்லுங்க, அந்தக் கட்டத்தையே அடிச்சுடறேன்."

"ஐயோ டீச்சர், ராத்திரி முழுக்க மெஷின் சத்தத்துக்கு நடுவுல நிக்கறவ நான். உங்க பிள்ளைங்க டொங்கு டொங்குனு தட்டினாலும் சுகமா தூங்கிடுவேன். எனக்கு வில்லன் அந்தப் புதன்கிழமை ரெண்டு மணி ஆள்தான்!"

"பல் டாக்டரா?"

"யாரோ! ஒரே பாட்டு. ஏறும், ஏறும், இந்தா இறங்கி முடியப்போகுதுன்னு நெனைப்பேன், டக்குனு நின்னுடும். திரும்ப முதல்லேர்ந்து. ஒரு வருஷமா டீச்சர்! அது எப்படித்தான் முடியும்னு யோசிச்சு யோசிச்சே தூக்கம் போயிடுது. ஒரு தடவை, ஒரே தடவை முடிச்சுட்டாருன்னா நான் பாட்டுக்குத் தூங்கிடுவேன்."

தப்பு வந்தால் நிறுத்து, முதலிலிருந்து வாசி. இது டாக்டரின் குணம் இல்லை, டீச்சர் போட்ட சட்டம். பாட்டின் பதினாலாவது கட்டத்தில் டாக்டரின் மோதிரவிரல் வாரம் தவறாமல் வழுக்கும், இவர் வாரம் தவறாமல் "மறுபடியும்" என்பார். அந்த மனிதரும் ஒரு வருடமாக அந்தப் பாட்டின் முடிவை வாசித்ததே இல்லை! தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

"ஸ்பாஞ்சைப் பிரிச்சிடுங்க. அந்தப் பொண்ணுக்குக் கேக்கணுமாம்."

கணவர் இடுப்பில் கைவைத்து நின்றார். "அடிப்பாவி, ரெண்டு நாளு!" முணுமுணுத்தபடியே பிரித்தார். பிரித்ததை மாணவர் நாற்காலிகளுக்கு மெத்தையாகத் தைத்துக் கொடுத்துவிட்டு, அதற்கும் பெருமைப்பட்டுக்கொண்டார்.

பள்ளி திறந்த வாரத்தின் புதன்கிழமை, இரண்டு மணி. டாக்டர் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இன்னிக்குத் தப்பு வந்தாலும் நிக்கக் கூடாது டாக்டர். போய்க்கிட்டே இருக்கணும்."

"நெஜமாவா? நீங்களா சொல்றீங்க?"

"நானேதான். வாசிங்க."

டாக்டர் வாசித்தார். பதினாலாவது கட்டம் வந்தது, விரல் வழுக்கியது, பழக்கதோஷத்தில் கை மேலே எழும்பியது. "போங்க, போங்க," என்றார் டீச்சர். டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனார். இன்னும் இரண்டு இடத்தில் இடறினார், ஓர் இடத்தில் கட்டையையே தேடினார், ஆனாலும் நிற்கவில்லை. பாட்டு மெல்ல இறங்கி, கடைசி ஒலியில் வந்து உட்கார்ந்தது.

டாக்டர் கையை எடுக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "டீச்சர், இது இவ்வளவு அழகாவா முடியுது?"

டீச்சர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பெருமூச்சோடு, தெளிவாகக் கேட்டது: "அப்பாடா!"

பிறகு அங்கே ஒரு சத்தமும் இல்லை. தூங்கிவிட்டாள்.